போர்க்கப்பல்களுக்கு மார்போல் பொருந்தாது என்றால் அவற்றின் கழிவு எங்கே போகிறது?

கேள்வி இதுதான்: “கப்பல்கள் கடலை மாசுபடுத்துவதைத் தடுக்கும் பன்னாட்டு ஒப்பந்தமான மார்போல் போர்க்கப்பல்களுக்குப் பொருந்தாது என்று படித்தேன். அப்படியானால் கடற்படைகள் எண்ணெய்க் கழிவையும் சாக்கடையையும் இஷ்டத்துக்குக் கடலில் விடலாமா? 15 பிபிஎம் (10 லட்சம் பங்கில் 15 பங்கு எண்ணெய்) மாதிரியான வரம்புகளை அவர்கள் மதிக்கிறார்களா? மதிக்காவிட்டால் யார் கேட்பது?”

முதலில் நேரடியான பதில். இஷ்டத்துக்கு விட முடியாது. ஆனால் வணிகக் கப்பலைக் கட்டுப்படுத்தும் விதிகள் வெளியிலிருந்து வருகின்றன, எந்தத் துறைமுகத்திலும் ஒரு ஆய்வாளர் ஏறிவந்து பார்க்கலாம். போர்க்கப்பலுக்கு விதி போடுவதும் அதைச் சோதிப்பதும் அதன் சொந்த அரசுதான். அந்த அரசு எவ்வளவு கண்டிப்பானதோ அந்த அளவுக்குத்தான் கப்பலும் சுத்தமாக இருக்கும். இதோடு இன்னொன்றும் இருக்கிறது. பெரும்பாலானோர் கழிவு வெளியேறும் குழாயை மட்டும் பார்க்கிறார்கள். வரம்புக்குள் இருக்கிறதா இல்லையா என்பது அதற்கு வெகு முன்பே, கப்பலை வரையும் மேசையிலும் இன்ஜின் ரூம் தரையைக் கழுவுகிறவர் கையிலும் முடிவாகிவிடுகிறது. விரிவாகச் சொல்கிறேன்.

விலக்கு எங்கிருந்து வருகிறது? 1973இல் உருவாகி 1978இல் திருத்தப்பட்ட மார்போல் ஒப்பந்தத்தின் 3ஆம் பிரிவில் ஒரு உட்பிரிவு இருக்கிறது. போர்க்கப்பல், கடற்படைத் துணைக்கப்பல், வணிக நோக்கமில்லாத அரசுப் பணியில் இருக்கும் கப்பல் ஆகியவற்றுக்கு இந்த ஒப்பந்தம் பொருந்தாது என்கிறது. எல்லோரும் அதோடு படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த வாக்கியம்தான் முக்கியம். அந்தக் கப்பல்களின் போர்ச் செயல்திறன் கெடாதபடி, நியாயமாகவும் நடைமுறைக்கு ஒத்தும் இருக்கும் அளவுக்கு, அவை ஒப்பந்தத்துக்கு இசைவாக நடந்துகொள்ளுமாறு ஒவ்வொரு நாடும் ஏற்பாடு செய்ய வேண்டும். ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 236ஆம் பிரிவும் கிட்டத்தட்ட இதையே சொல்கிறது. கப்பல் நிலையாக நிற்க உள்ளே ஏற்றும் நீர்தான் பல்லாஸ்ட்; அதற்கென 2017இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்திலும் இதே மாதிரி வாசகம்தான்.

ஆக, சட்டத்தில் ஓட்டை இல்லை, ஆனால் “நடைமுறைக்கு ஒத்த அளவு” எவ்வளவு என்பதை அந்தந்த நாடே தீர்மானித்துக்கொள்ளலாம். இதை உருப்படியான விதிகளாக எழுதி, பொதுவெளியில் வைத்து, ஒவ்வொரு குழாயையும் பட்டியல் போட்ட நாடு அமெரிக்கா. மற்ற கடற்படைகளின் விதிகள் பெரும்பாலும் உள் ஆணைகளாகவே இருந்துவிடுகின்றன, வெளியே யாருக்கும் தெரிவதில்லை. அதனால் அமெரிக்க உதாரணத்தை வைத்தே பேசுகிறேன். அவர்கள் சுத்தமானவர்கள் என்பதற்காக இல்லை, எழுதி வைத்திருக்கிறார்கள் என்பதற்காக.

அங்கே இந்தச் சண்டை பழையது. போர்ட்டோ ரிக்கோவின் வியேக்கஸ் தீவில் அமெரிக்கக் கடற்படை குண்டுவீச்சுப் பயிற்சி நடத்திவந்தது. குறி தவறிய குண்டுகள் கடலில் விழுந்தன. இது அனுமதி இல்லாமல் நீரில் மாசு கலப்பதுதானே என்று ஆளுநர் கார்லோஸ் ரொமேரோ பார்செலோ வழக்குப் போட்டார். ஆமாம், சுத்தநீர்ச் சட்டத்தின்படி அனுமதி வாங்கியிருக்க வேண்டும் என்று கீழ் நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. அனுமதிக்கு விண்ணப்பிக்கச் சொன்னதே தவிர, பயிற்சியை நிறுத்தச் சொல்லவில்லை. மேல்முறையீட்டில் நிறுத்தச் சொன்னார்கள். 1982இல் உச்ச நீதிமன்றம் கீழ் நீதிமன்றத்தின் பக்கம் நின்றது: விதி மீறப்பட்டாலும் உடனே தடை போட்டே ஆக வேண்டும் என்பதில்லை, அது நீதிபதியின் முடிவு. கடற்படையும் சுற்றுச்சூழல் சட்டமும் மோதும் இடங்களில் இந்த மனநிலையைப் பல தடவை பார்க்கலாம். சட்டம் பொருந்தும் என்பார்கள், கையைக் கட்டுவதற்குத் தயங்குவார்கள்.

குண்டு ஒரு பக்கம். கப்பல் சும்மா நின்றாலே அதிலிருந்து ஏதாவது கசிந்துகொண்டும் வழிந்துகொண்டும் இருக்கும். இதற்கு ஒவ்வொரு மாநிலமும் தனித்தனி விதி போட ஆரம்பித்தால், வர்ஜீனியாவிலிருந்து கிளம்பி கலிஃபோர்னியா போய்ச் சேரும் கப்பல் துறைமுகத்துக்குத் துறைமுகம் எதைப் பின்பற்றுவது? ஒரே மாதிரியான விதி கடற்படைக்கும் தேவைப்பட்டது. 1996இல் சுத்தநீர்ச் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் பாதுகாப்புத் துறையும் சேர்ந்து உட்கார்ந்து, கரையிலிருந்து 12 கடல் மைலுக்குள் ராணுவக் கப்பல்கள் வெளியேற்றும் ஒவ்வொன்றுக்கும் பொதுவான தரம் வகுக்க வேண்டும். தரமும் அதற்கான நடைமுறை ஆணைகளும் வந்தபின், அந்த வெளியேற்றத்துக்கு மாநிலங்கள் தனி விதி போட முடியாது. இந்த இடத்தில் எதுவும் விடக்கூடாது என்று சில நீர்ப்பகுதிகளுக்குத் தடை கோரும் வழி மட்டும் அவர்களுக்கு உண்டு.

முதல் கட்ட முடிவு 1999இல் வந்தது. 39 வகை வெளியேற்றங்களைக் கண்டுபிடித்தார்கள். 25க்குக் கட்டுப்பாடு தேவை, 14க்குத் தேவையில்லை. தேவையில்லாதவற்றில் ஏசியிலிருந்து சொட்டும் நீர், சுக்கான் பேரிங்கின் மசகு போன்றவை வருகின்றன. தேவைப்படும் 25ஐப் படித்தால் ஒரு போர்க்கப்பல் எப்படி இயங்குகிறது என்றே தெரிந்துவிடும். கப்பல் அடியில் தேங்கும் பில்ஜ் நீர், நங்கூரச் சங்கிலி அறையில் தேங்கும் சேற்று நீர், விமானம் ஏவும் கேட்டபுல்ட்டின் பிரேக் தொட்டி, விமானத்தை மேலேற்றும் லிஃப்ட்டின் குழி, சோனார் கூண்டு, தீயணைப்புக் குழாய், மேல்தளத்தில் வழியும் மழைநீர், கப்பல் அடிப்பாகத்தின் பெயின்ட்டிலிருந்து கசியும் செம்பு.

தரம் வகுக்கும்போது பார்க்க வேண்டிய ஏழு விஷயங்களைச் சட்டமே சொல்கிறது. வெளியேற்றத்தின் தன்மை, சுற்றுச்சூழல் பாதிப்பு, கருவி பொருத்துவது சாத்தியமா, கப்பலின் போர்த்திறன் குறையுமா, உள்நாட்டுச் சட்டம், பன்னாட்டுத் தரம், செலவு. நாலாவதைக் கவனியுங்கள். வணிகக் கப்பல் விதியில் அப்படி ஒரு அளவுகோலே கிடையாது.

அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் கொடுத்த கெடுவைக் கூட்டிப் பார்த்தால் ஐந்தே ஆண்டுகளில் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். நடந்தது என்ன? முதல் 11 வெளியேற்றங்களுக்கான தரம் 2017 ஜனவரியில் வந்தது. அடுத்த 11 வந்தது 2020இல். எஞ்சிய மூன்றும் பல்லாஸ்ட் சம்பந்தப்பட்டவை, அவைதான் உண்மையிலேயே சிக்கலானவை. இதில் ஒரு வேடிக்கை: கப்பலில் ஃபிலிம் கழுவும் ஃபோட்டோ லேபின் வடிகாலும் 25இல் ஒன்று. அதில் வெள்ளி கலந்திருக்கும் என்று 1999இல் பட்டியலில் சேர்த்தார்கள். அதற்குத் தரம் வருவதற்குள் கடற்படை டிஜிட்டல் கேமராவுக்கு மாறிவிட்டது.

சரி, இப்போது பில்ஜுக்கு வருவோம். கேள்வியில் கேட்ட 15 பிபிஎம் இங்கேதான்.

இன்ஜின் ரூமின் அடியில், தரைத்தகடுகளுக்குக் கீழே இருக்கும் பள்ளம்தான் பில்ஜ். பம்பின் சீலிலிருந்து சொட்டும் கடல்நீர், குழாய் மேல் வியர்க்கும் ஈரம், மசகு எண்ணெய், ஹைட்ராலிக் எண்ணெய், டீசல், தரை கழுவிய தண்ணீர் எல்லாம் அங்கே போய்ச் சேரும். அதை அப்படியே வைத்திருக்கவும் முடியாது, தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. எனவே ஒரு தொட்டிக்கு ஏற்றி, அங்கிருந்து எண்ணெய்-நீர் பிரிப்பான் வழியாக விடுகிறார்கள். ஓ.டபிள்யூ.எஸ். என்பது இதைத்தான். வெளியே போகும் நீரில் 10 லட்சம் பங்குக்கு 15 பங்குக்கு மேல் எண்ணெய் இருக்கக்கூடாது. அதாவது 10,000 லிட்டர் தண்ணீரில் 150 மில்லி.

பிரிப்பானின் வேலை எளிமையானது. எண்ணெய் தண்ணீரைவிட லேசு, மேலே வரும். துளி பெரிதாக இருந்தால் சீக்கிரம் வரும். எனவே உள்ளே நெருக்கமாகத் தகடுகளை அடுக்கி, சின்னத் துளிகளை அவற்றில் ஒட்டவைத்து, ஒன்று சேர்த்துப் பெரிதாக்கி மேலே விடுகிறார்கள். எண்ணெய் எண்ணெயாகவும் தண்ணீர் தண்ணீராகவும் இருக்கும் வரைக்கும் இது அருமையாக வேலை செய்யும். யாராவது டிடர்ஜென்ட் போட்டுத் தரையைத் தேய்த்துக் கழுவினால் போச்சு. எண்ணெய்ச் சட்டியில் சோப்பு போட்டதும் தண்ணீர் வெளுத்துப்போகிறதல்லவா, அதேதான். எண்ணெய் நுண்துளிகளாக உடைந்து தண்ணீரோடு கலந்துவிடுகிறது. எத்தனை தகடு வைத்தாலும் அது மேலே வராது. பிரிப்பான் பழுதாகவே இருக்காது, ஆனால் வெளியே வருவது 15ஐத் தாண்டி ஓடும். அப்போது எண்ணெய் அளவைக் கண்காணிக்கும் கருவி மூன்றுவழி வால்வைத் திருப்பி நீரை மறுபடி தொட்டிக்கே அனுப்பும். தொட்டி நிறையும். சுற்றிச் சுற்றி அதே தண்ணீர்.

இதனால்தான் 2005 முதல் பொருத்தப்படும் பிரிப்பான்களை, குழம்பிய கலவையையும் கொடுத்துச் சோதிக்க வேண்டும் என்று பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு விதித்தது. சில அமெரிக்கக் கப்பல்களில் பிரிப்பானுக்கு அடுத்து பீங்கான் சவ்வு வடிகட்டியும் இருக்கிறது. இருந்தாலும் மலிவான தீர்வு ஒன்றே ஒன்றுதான்: எந்த சோப்பை வாங்குவது, எவ்வளவு ஊற்றுவது என்பதில் கட்டுப்பாடு. இன்ஜின் ரூமில் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். இன்னொரு தொந்தரவும் உண்டு. கண்காணிப்புக் கருவி பெரும்பாலும் ஒளிச்சிதறலை வைத்து அளக்கிறது. துருவின் துகள்களும் ஒளியைச் சிதறடிக்கும். எண்ணெயே இல்லாத துருப்பிடித்த நீரைப் பார்த்தும் கருவி கத்தும். அதைத் துடைத்து வைக்காத கப்பலில் ஆட்கள் அதை நம்புவதை நிறுத்திவிடுவார்கள். பிரச்சினை அங்கேதான் தொடங்கும்.

வணிகக் கப்பல்களில் இந்த எரிச்சல் எங்கே போய் முடியும் என்று எல்லோருக்கும் தெரியும். பிரிப்பானைச் சுற்றிக் கள்ளக் குழாய் போட்டு நேராகக் கடலில் விடுவது. கருவிக்கு நல்ல தண்ணீரைக் காட்டி ஏமாற்றுவது. 2016இல் பிரின்சஸ் குரூஸ் நிறுவனம் இந்த வகைக் குற்றத்துக்காக அமெரிக்காவில் 4 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. சீஃப் இன்ஜினியர்கள் சிறைக்குப் போன வழக்குகளும் உண்டு.

போர்க்கப்பலின் பில்ஜில் வணிகக் கப்பலில் இல்லாத ஒரு வில்லன் இருக்கிறது, தீயணைப்பு நுரை. ஏ.எஃப்.எஃப்.எஃப். என்பார்கள். 1967 ஜூலை 29 அன்று வியட்நாம் கடற்பகுதியில் விமானந்தாங்கி ஃபாரஸ்டலின் மேல்தளத்தில் ஒரு ராக்கெட் தவறுதலாகப் பாய்ந்து, எரிபொருள் கொட்டித் தீப்பற்றி, குண்டுகள் வெடித்து 134 பேர் இறந்தார்கள். அமெரிக்கக் கடற்படை ஆய்வகம் 1960களில் 3எம் நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய இந்த நுரை, அதன்பின் கப்பல்களில் பரவலாக வந்தது. எரியும் எண்ணெய் மேல் மெல்லிய படலமாகப் பரவி நொடிகளில் தீயை அமுக்கிவிடும். இன்ஜின் ரூம் பில்ஜிலேயே இதைத் தெளிக்கும் குழாய்கள் பொருத்தப்பட்டன. நுரை சோப்பு இனத்தைச் சேர்ந்தது, ஆகவே பில்ஜில் இறங்கினால் பிரிப்பான் வேலைக்கு ஆகாது. அதைவிடப் பெரிய சங்கதி, அதில் பிஎஃப்ஏஎஸ் எனப்படும் சிதையாத ஃபுளோரின் சேர்மங்கள் இருக்கின்றன. கடற்படைத் தளங்களைச் சுற்றி நிலத்தடி நீரில் அவை தென்பட்ட பிறகு, 2020 நிதியாண்டின் பாதுகாப்புச் சட்டம் ராணுவத் தளங்களில் இந்த நுரையை நிறுத்துவதற்கு 2024 அக்டோபர் என்று நாள் குறித்தது, நீட்டிப்புக்கும் இடம் வைத்தது. கடலில் செல்லும் கப்பல்களுக்கு முழு விலக்கு. 2017 தரமோ, பயிற்சி, பராமரிப்பு என்ற பெயரில் கரையோரம் நுரையைக் கடலில் விடுவதைத்தான் கட்டுப்படுத்துகிறது. உண்மையாகவே தீப்பிடித்தால் அந்தக் கேள்வியே எழாது.

இந்த விலக்கை நான் குறை சொல்ல மாட்டேன். நடுக்கடலில் தீயணைப்பு வண்டி வராது. குண்டும் எரிபொருளும் ஆயிரக்கணக்கான ஆட்களும் ஒரே இரும்புக்கூட்டுக்குள் இருக்கும்போது, கொஞ்சம் மெதுவாக அணைக்கும் நுரையைக் கொடுத்துப் பார்க்கலாம் என்று யாராலும் சொல்ல முடியாது. “நடைமுறைக்கு ஒத்த அளவு” என்ற வாசகம் எதற்காக இருக்கிறதோ அதற்குப் பொருத்தமான இடம் இது. ஆனால் அதே வாசகத்தைச் சோம்பலுக்கும் பயன்படுத்தலாம், பயன்படுத்தியும் இருக்கிறார்கள். பிளாஸ்டிக் கதை அப்படித்தான்.

மார்போலின் 5ஆம் இணைப்பு கடலில் பிளாஸ்டிக் போடுவதை முற்றாகத் தடுக்கிறது. 1987இல் அமெரிக்க காங்கிரஸ் தன் கடற்படைக்கும் அதைச் சட்டமாக்கி, 1993 முடிவு வரை அவகாசம் கொடுத்தது. முடியாது, கப்பலில் இடமில்லை என்றார்கள். கெடு நீண்டது: மேற்பரப்புக் கப்பல்களுக்கு 1998 கடைசி வரை, நீர்மூழ்கிகளுக்கு 2008 கடைசி வரை. கடைசியில் என்ன செய்தார்கள்? பிளாஸ்டிக்கைத் துண்டாக்கி, சூடாக்கி, அழுத்தி, சுமார் 20 அங்குல அகலத்தில் தட்டையான வட்டத் தகடாக மாற்றும் இயந்திரத்தைக் கப்பலுக்குள் கொண்டுவந்தார்கள். உணவு ஒட்டிய பொட்டலமும் உள்ளே போகலாம், சூட்டில் கிருமிகள் பெரும்பாலும் செத்துவிடும். அந்தத் தகடுகளை அடுக்கி வைத்து, கரை வந்ததும் இறக்கிவிடுகிறார்கள். மாதக்கணக்கில் கடலில் இருக்கும் விமானந்தாங்கியில் நாற்றமும் இடப் பிரச்சினையும் ஒரே அடியில் தீர்ந்தன. உணவையும் காகிதத்தையும் அரைத்துக் கூழாக்கி 3 கடல் மைலுக்கு அப்பால் விடுவார்கள். தகரத்தையும் கண்ணாடியையும் நொறுக்கி, சாக்குப்பையில் கட்டி, 12 மைலுக்கு அப்பால் மூழ்கடிப்பார்கள். இடமே இல்லை என்று சொல்லப்பட்ட கப்பலில் இத்தனை இயந்திரத்துக்கும் இடம் கிடைத்தது என்பதுதான் நான் சொல்ல வந்தது.

நீர்மூழ்கியில் நிஜமாகவே இடம் கிடையாது. அங்கே குப்பையைத் துளையுள்ள தகர உருளையில் அழுத்தி, எடை கட்டி, கீழ்நோக்கிய ஒரு குழாய் வழியாக ஆழ்கடலில் வெளியேற்றுவார்கள். மிதந்து மேலே வந்தால் நீர்மூழ்கி இருக்கும் இடம் காட்டிக்கொடுக்கப்படும், எனவே எடை கட்டாயம். பிளாஸ்டிக் மட்டும் வாசம் வெளியே வராத பைகளில் உள்ளேயே இருக்கும்.

பல்லாஸ்ட் ஏன் சிக்கல் என்று கேட்டால், அமெரிக்கக் கடற்படையின் ஆர்லி பர்க் வகை டெஸ்ட்ராயரை எடுத்துக்கொள்ளுங்கள். எரிபொருள் தீரத் தீர கப்பல் லேசாகி நிலைத்தன்மை குறையும். அடிபட்டாலும் கவிழாமல் நிற்க வேண்டிய கப்பல் அது. எனவே எரிபொருள் தொட்டியில் காலியாகும் இடத்துக்குக் கடல்நீரே வந்து நிரம்பும்படி வடிவமைத்திருக்கிறார்கள். எரிபொருள் மேலே, கடல்நீர் கீழே, ஒரே தொட்டியில். மறுபடி எரிபொருள் நிரப்பும்போது அந்த நீர் வெளியே தள்ளப்படும். கவனக் குறைவாகவோ வேகமாகவோ நிரப்பினால் எரிபொருளும் சேர்ந்து துறைமுகத்தில் கொட்டும். வழக்கமான கப்பலில் தனியாக பல்லாஸ்ட் தொட்டி வைத்துத் தப்பிக்கலாம். இங்கே தனித் தொட்டி வைத்தால் கப்பல் பெரிதாக வேண்டும், வேகமும் ஆயுத இடமும் குறையும். கட்டி முடித்த கப்பலில் இதை மாற்றவே முடியாது. மெதுவாக நிரப்புவது, தொட்டியை விளிம்பு வரை நிரப்பாமல் விடுவது, பக்கத்தில் ஆளை நிறுத்திக் கவனிப்பது, இவ்வளவுதான் கையில் இருக்கும் வழி. வரையும் மேசையில் முடிவாகிவிடுகிறது என்று ஆரம்பத்தில் சொன்னேனே, அதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

கழிவறைக் கழிவு அந்த 25இல் சேராது, அதற்குத் தனி விதி முன்பே இருக்கிறது. அமெரிக்கக் கப்பல்களில் வழக்கம் என்னவென்றால், கரையோரம் இருக்கும்போது தொட்டியில் பிடித்துவைத்து, 3 கடல் மைலைத் தாண்டியதும் வெளியேற்றுவது, துறைமுகத்தில் ஹோஸ் பூட்டிக் கரைச் சாக்கடைக்கு அனுப்புவது. இதிலும் ஆபத்து உண்டு. தேங்கிய கழிவில் ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டாகும். அந்தத் தொட்டிக்குள் முன்னெச்சரிக்கை இல்லாமல் இறங்கினால் உயிர் போகும். நம் ஊரில் செப்டிக் டேங்க் மரணங்களுக்குக் காரணமான அதே வாயு. புதிய விமானந்தாங்கிகளான ஜார்ஜ் ஹெச். டபிள்யூ. புஷ், ஜெரால்ட் ஃபோர்டு இரண்டிலும் தண்ணீரை மிச்சப்படுத்த விமானத்தில் இருப்பது போன்ற வெற்றிடக் கழிவறைகளைப் போட்டார்கள். குழாய்கள் அடைத்துக்கொண்டே இருந்தன. அடைப்பைக் கரைக்க அமிலம் விட்டுக் கழுவ வேண்டியிருக்கிறது, ஒரு தடவை கழுவ ஏறத்தாழ 4 லட்சம் டாலர் என்று அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் 2020இல் எழுதியது.

எல்லா வெளியேற்றமும் அழுக்காகத் தெரியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். போர்க்கப்பலின் தீயணைப்புக் குழாயில் எந்நேரமும் அழுத்தத்தோடு கடல்நீர் இருந்தாக வேண்டும். குழாய் செம்பு-நிக்கல் கலவை. பார்ப்பதற்கு வெறும் கடல்நீர்தான் வெளியே போகிறது, ஆனால் அதில் செம்பு கரைந்திருக்கும். கப்பல் அடிப்பாகத்தின் பெயின்ட்டும் அப்படித்தான். சிப்பியும் பாசியும் ஒட்டாமல் இருக்கச் செம்பு சேர்த்திருக்கிறார்கள். ஒட்டினால் எரிபொருள் செலவு ஏறும், வேகம் குறையும். ஒரே விரிகுடாவில் பத்திருபது கப்பல்கள் மாதக்கணக்கில் நின்றால் செம்பு கூடும். இங்கே பிரிப்பானும் கிடையாது, வால்வும் கிடையாது.

இந்தியாவைப் பற்றிக் கேட்பீர்கள் என்று தெரியும். இந்தியக் கடற்படை 2014 வாக்கில் சுற்றுச்சூழலுக்கென ஒரு செயல்திட்டம் வகுத்தது. தன் கப்பல்கள் எல்லாவற்றிலும் மார்போல் தரத்துக்கான எண்ணெய்-நீர் பிரிப்பானும் கழிவுநீர்ச் சுத்திகரிப்புக் கருவியும் இருப்பதாக அரசு அறிக்கைகளில் சொல்கிறது. அமெரிக்கா மாதிரி வெளியேற்றம் வாரியாகப் பட்டியல் போட்டு, பொதுமக்கள் கருத்துக் கேட்டு வெளியிட்ட தரங்கள் இங்கே இல்லை. கருவி இருக்கிறது என்பதற்கும் அது தினமும் 15க்குள் காட்டுகிறது என்பதற்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று பில்ஜ் கதையில் பார்த்தோம்.

கடைசியாக, யார் கேட்பது? வெளிநாட்டுத் துறைமுகத்தில் யாரும் கேட்க முடியாது. போர்க்கப்பலுக்கு இறையாண்மை விலக்கு உண்டு, துறைமுக ஆய்வாளர் கேங்வேயில் காலே வைக்க முடியாது. அதற்காகக் கரைநாடு கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்பதும் இல்லை. கடல் சட்ட உடன்படிக்கையின் 30ஆம் பிரிவின்படி, தன் சட்டத்தை மதிக்காத போர்க்கப்பலைத் தன் கடல் எல்லையை விட்டு உடனே வெளியேறச் சொல்லலாம். 31ஆம் பிரிவின்படி, அந்தக் கப்பலால் சேதம் வந்தால் அதன் நாடு பொறுப்பேற்க வேண்டும். எல்லாம் தூதரக வழியில் நடக்கும், சத்தமில்லாமல்.

வெளிநாட்டுத் துறைமுகத்தில் கழிவை இறக்குவதற்கு ஒப்பந்தக்காரரை நம்ப வேண்டியிருப்பதால் வேறு வகைச் சிக்கலும் வந்திருக்கிறது. சிங்கப்பூரைத் தளமாகக் கொண்ட ஒரு நிறுவனத்தின் உரிமையாளர் லியோனார்ட் ஃபிரான்சிஸ், அமெரிக்க 7ஆவது கப்பற்படைக்கு உணவு, இழுவைப் படகு, எரிபொருள், குப்பை மற்றும் கழிவுநீர் அகற்றல் எல்லாம் ஏற்பாடு செய்து கொடுத்தார். அதிகாரிகளுக்கு லஞ்சம் கொடுத்து, கப்பல்களைத் தனக்கு வசதியான துறைமுகங்களுக்கு வரவழைத்து, பில்லை ஏற்றி, குறைந்தது 3.5 கோடி டாலர் ஏமாற்றினார். 2024 நவம்பரில் 15 ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது.

சொந்த நாட்டுக்குள் கேட்பதற்கு நீதிமன்றம் இருக்கிறது, அதுவும் யாராவது வழக்குப் போட்டால்தான். 2017இல் வாஷிங்டன் மாநிலத்தின் பிரெமர்ட்டனில், ஓய்வு பெற்ற விமானந்தாங்கி இண்டிபென்டென்ஸை உடைப்பதற்காக டெக்சாஸுக்கு இழுத்துப் போகும் முன், அதன் அடிப்பாகத்தைத் தண்ணீரிலேயே வைத்துச் சுரண்டினார்கள். ஒட்டியிருந்த சிப்பிகளோடு செம்பு கலந்த பெயின்ட்டும் கடலடியில் இறங்கியது. அந்த நீரில் மீன்பிடி உரிமை உள்ள சுக்வாமிஷ் பழங்குடியினரும் இரண்டு சுற்றுச்சூழல் அமைப்புகளும், அனுமதி இல்லாமல் இதைச் செய்திருக்கக் கூடாது என்று வழக்குத் தொடுத்தார்கள். 2020 ஜனவரியில் சமரசம் ஆனது. ஓய்வு பெற்ற கப்பல்களை அந்தக் கடற்பகுதியில் தண்ணீருக்குள் வைத்துச் சுரண்டுவதைப் பத்து ஆண்டுகளுக்கு நிறுத்துவதாகக் கடற்படை ஒப்புக்கொண்டது. பிரெமர்ட்டனில் இறங்கிய கழிவின் மேல் சுத்தமான படிவைப் போட்டு மூடுவதாகவும் ஒப்புக்கொண்டது.